வெட்டினாற்போல் நின்ற மீட்டர்

சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் பிளம்பரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷம் அந்தத் தொழிலில் கிடந்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு பிறவியே கிடையாது. அது தெரிந்திருந்தும், மூன்று மணி என்று சொல்லிவிட்டு சரியாக மூன்று மணிக்குப் போய் அந்த வீட்டு அழைப்பு மணியை அழுத்தினேன் பாருங்கள், என் புத்தியை என்னவென்று சொல்ல!

"இளிக்காதே, வாஷர். பிளம்பர்னா மூஞ்சில கொஞ்சம் சலிப்பு இருக்கணும்" என்றார் மேடம், என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"இது இளிப்பு இல்ல மேடம். பயந்தா என் மூஞ்சி இப்படித்தான் போகும்."

வாஷர் என்பது மேடம் எனக்கு வைத்த பட்டப்பெயர். ஒல்லியாக, தட்டையாக, எப்போது பார்த்தாலும் இரண்டு பேருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டிருப்பேனாம். மேடத்துக்குத் தொழில் துப்பறிவது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக் குளியலறைக் குழாயைச் சரிசெய்யப் போனவன், கூரையில் ஈரம் படர்ந்திருந்த விதத்தைப் பார்த்து, மேல்வீட்டுக்காரர் புளுகுகிறார் என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கே ரெஞ்சைக் கீழே வைக்கச் சொல்லி உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார். இன்று அதே ரெஞ்சை மறுபடியும் தூக்க வைத்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம், முந்தாநாள் ஆபீசுக்கு வந்த அந்தத் தம்பிக்காரர். மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய சென்ட் வாசனை, கண்ணில் நிஜமான தண்ணீர்.

"எங்க அக்காவை அவ நாத்தனார் வீட்டுக்குள்ள பூட்டி வெச்சிருக்கா மேடம். நாப்பது நாளாச்சு. அத்தான் போனதுலேர்ந்து அக்கா தனியா இருந்தா. எங்கம்மா அவ பேர்ல ஒரு வீடு எழுதி வெச்சிருக்காங்க. அது மேல கண்ணு. போய்க் கேட்டா, 'இங்க யாரும் இல்ல'ன்னு கதவைச் சாத்தறா. நாத்தனார்னா நான் சொல்லணுமா?"

"சொல்லவே வேணாம் சார்" என்று முந்திக்கொண்டது நான்தான். எனக்கு மூன்று அத்தைகள். அவர்களைப் பற்றி அம்மா சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்தவன்.

அவர் கேட்டது ரொம்பச் சின்ன உதவி. அக்கா அந்த வீட்டுக்குள் இருக்கிறாரா என்று மட்டும் தெரிய வேண்டும். தெருமுனையில் காரில் காத்திருப்பார். இருக்கிறார் என்றால் போனில் 'ஆமா' என்று ஒரே வார்த்தை அனுப்பினால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

அந்த வீட்டுக்குள் நுழையத் தண்ணீரைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை. நேற்று மாலை, செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் போல வாசலில் குனிந்து, தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குப் போகும் வால்வை முக்கால்வாசி மூடிவிட்டேன். இன்று காலை போய், "பக்கத்துத் தெருவுல வேலைக்கு வந்தோம், இங்க ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டேன். நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். தண்ணீர் நூலாக வருகிறது, மூன்று மணிக்கு வந்து பாருங்கள் என்றார். வலையில் மீன் விழுந்தது என்று நான் குதித்தேன். வலை யாருடையது என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

கதவு திறந்தது. நாத்தனாருக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டிலேயே தையல் வேலை. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதைக் கழற்றி அப்படியே என் கழுத்தை அளந்துவிடுவாரோ என்பது போல ஒரு பார்வை.

"செருப்பை வெளிய விடுங்க. கிச்சன் இப்படி."

கிச்சனில் எல்லாம் ஒற்றையாக இருந்தது. கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, கரண்டி ஒன்று. மேடம் அதைப் பார்த்தார், பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குழாயைத் திறந்துவிட்டேன். நூலாகத்தான் வந்தது. சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று குழாய் வாயில் இருக்கும் சின்னச் சல்லடையைத் திருகி எடுத்து உள்ளங்கையில் தட்டினேன்.

"அதுல மண்ணு இருக்காது. போன மாசம்தான் நானே கழுவினேன்" என்றார் நாத்தனார்.

"அப்ப எங்கயோ லீக் ஆகுதும்மா. கண்டுபிடிக்க ஒரே வழிதான். வீட்டுல இருக்கற எல்லாக் குழாயையும் மூடிட்டு மீட்டரைப் பாக்கணும். ஒரு குழாயும் ஓடாதப்ப மீட்டர் சுத்தினா, எங்கயோ தண்ணி போகுதுன்னு அர்த்தம்."

"மீட்டர் பின்னாடி மோட்டார் ரூமுல இருக்கு."

"மேல் மாடில பாத்ரூம் இருக்கா?" என்று மேடம் சாதாரணமாகக் கேட்டார்.

"இருக்கு. ரெண்டு வருஷமா பூட்டிக் கெடக்கு. யாரும் போறதில்ல" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் கிச்சன் குழாயை மூடினார். வீட்டில் சட்டென்று ஓர் அமைதி. கீழே இருந்த மற்ற குழாய்களையும் நானே போய் இறுக்கி மூடிவிட்டு வந்தேன்.

மோட்டார் ரூம் என்பது வீட்டின் பின்புறம் ஆறு படி இறங்கிப் போகும் ஒரு பொந்து. பாதி தரைக்கு மேலே, பாதி தரைக்குக் கீழே. இரும்புக் கதவு. உள்ளே மூன்று வருஷமாக ஓடாத ஒரு மோட்டார், ஒரு குண்டு பல்பு, முழங்கால் உயரத்தில் ஒரு ஸ்விட்ச் போர்டு, கூரையை ஒட்டிக் கையகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம். தெருவிலிருந்து வரும் குழாய் ஒரு சுவரில் நுழைந்து, மீட்டர் வழியாகப் போய், மறு சுவரில் மறைந்தது. இந்த வீட்டில் மொட்டை மாடித் தொட்டி கிடையாது. மேல் மாடிக்கும் தண்ணீர் நேராக இந்த மீட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நாத்தனார் கதவருகிலேயே நின்றுகொண்டார். மேடமும் நானும் மீட்டர் கண்ணாடியில் மூக்கை ஒட்டினோம். உள்ளே இருந்த சின்னச் சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஓடுது மேடம்!" என்று கிசுகிசுத்தேன்.

"லீக்கா இருக்கலாம்."

"லீக்னா நிக்கவே நிக்காது. ஓடிக்கிட்டே இருக்கும். பாருங்க, நிக்குதான்னு."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம். ஒன்றரை நிமிஷம். சிவப்புச் சக்கரம் ஒரே வேகத்தில் சுற்றியது. அப்புறம் நின்றது.

"மாட்டிக்கிட்டாங்க! இது லீக் இல்ல, ஃப்ளஷ் டேங்க். நாம கிச்சன்ல இருக்கும்போது மேல யாரோ அழுத்தியிருக்காங்க. வால்வை நான் மூடி வெச்சதால டேங்க் மெதுவா ரொம்பியிருக்கு. ரெண்டு வருஷமா பூட்டின பாத்ரூமுல பேயா ஃப்ளஷ் அழுத்தும்? அக்கா மேலதான் இருக்காங்க!"

மேடம் சந்தோஷப்படவில்லை. மீட்டரையே முறைத்துக்கொண்டிருந்தார். "வாஷர், அது எப்படி நின்னுது?"

"எப்படி நின்னுதுன்னா? நின்னுது, அவ்வளவுதான்."

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் கதவு அறைந்து மூடியது. தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில் பல்பு ஆடியது.

"இத்தனை வயசுல, மூணு மணின்னு சொல்லி மூணு மணிக்கே வந்த பிளம்பரை இன்னைக்குத்தான் பாக்கறேன்." நாத்தனாரின் குரல் இரும்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "வந்ததும் அட்வான்ஸ் கேக்கல. 'போன தடவை வேலை பாத்தவன் எவன்'னு ஒரு வார்த்தை திட்டல. நீங்க பிளம்பரா? யார் அனுப்பினாங்கன்னு சொல்லுங்க. சொல்ற வரைக்கும் உள்ளயே கெடங்க."

யார் அனுப்பினார்கள் என்பதைச் சொல்வது எங்கள் தொழிலில் பாவம். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, காலடிகள் படியேறிப் போய்விட்டன.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிளம்பர் தொழிலை நான் விட்டதற்கு மேடம் மட்டும் காரணம் இல்லை. ஒரு கட்டிடத்தில் குழாய்கள் போகும் சந்துக்குள் இறங்கி, இடுப்பு மாட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் கத்திக்கொண்டு கிடந்திருக்கிறேன். அன்றிலிருந்து கதவு மூடிய சின்ன அறை என்றால் எனக்குக் குலை நடுங்கும். லிஃப்ட்டில்கூட ஏற மாட்டேன். இப்போது நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் காது அடைத்தது.

"மேடம், தம்பிக்காரருக்குச் சொல்லிடலாம். முனைலதான இருக்கார்? வந்து கதவை ஒடச்சு நம்மையும் எடுப்பார், அவங்க அக்காவையும் எடுப்பார்."

"இரு. யோசிக்க விடு."

"வெளிய போய் யோசிக்கலாம் மேடம்!"

"வாஷர், சும்மா இருன்னா இரு."

சும்மா இருக்க முடிந்தவனாக இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? மேடம் மீட்டர் பக்கம் திரும்பியதும், போனை எடுத்து, தம்பிக்காரர் எண்ணுக்கு 'ஆமா' என்று தட்டி அனுப்பினேன். போகவில்லை. அந்தப் பொந்தில் சிக்னல் ஏது? அனுப்புகிறது, அனுப்புகிறது என்று சுற்றிக்கொண்டே இருந்தது. திருடன் போல போனைப் பைக்குள் போட்டேன்.

அடுத்து ரெஞ்சைத் தூக்கினேன். கதவின் கீலைப் பெயர்த்துவிடலாம் என்று ஒரு போடு போட்டேன். கை வியர்த்திருந்தது. ரெஞ்ச் வழுக்கிப் போய், பக்கத்தில் தெருக்குழாய் உள்ளே நுழையும் இடத்தில் இருந்த துருப்பிடித்த இணைப்பில் விழுந்தது. அந்த இணைப்புக்கு என் வயது இருக்கும். அப்படியே இரண்டாகப் போனது.

தண்ணீர் என் முகத்தில் அடித்தது.

"மூடு, மூடு!" என்றார் மேடம்.

"இது மீட்டருக்கு முன்னாடி போச்சு மேடம்! இதை மூடற வால்வு வாசல்ல இருக்கு!"

உள்ளே பன்னிரண்டு வருஷ அனுபவம், கையில் ரெஞ்ச், எதிரில் உடைந்த குழாய், மூட வேண்டிய வால்வு தெருவில். துணியைச் சுற்றிப் பார்த்தேன், பிய்த்துக்கொண்டு போனது. தரையில் இருந்த வடிகால் ஓட்டையில் விரலை விட்டேன். சேறும் இலையும் கெட்டிப்பட்டு அடைத்திருந்தது. நோண்ட நோண்ட வந்துகொண்டே இருந்தது, தண்ணீர் மட்டும் இறங்கவில்லை. வாசல் வால்வை நான் முக்கால்வாசி மூடியிருந்ததால் பிழைத்தோம். முழுசாகத் திறந்திருந்தால் அதற்குள் இடுப்பளவு வந்திருக்கும். இப்போது கணுக்கால்.

முழங்கால் உயரத்தில் அந்த ஸ்விட்ச் போர்டு. மேடமும் அதைப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம் இருக்கும். அதுக்கப்புறம் நாம ரெண்டு பேரும் பல்பு மாதிரி எரிவோம்."

கதவைத் தட்டினேன், கத்தினேன், "அம்மா, தாயே, அட்வான்ஸ் வேணா கேக்கறேன்" என்று கெஞ்சினேன். பதில் இல்லை. மோட்டார் மேல் ஏறி உட்கார்ந்து, அழுகை வருகிற மாதிரி இருந்ததை விழுங்கினேன். மேடம் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, வகுப்பில் கேள்வி கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஃப்ளஷ் டேங்க் ரொம்பினா தண்ணியை எது நிறுத்துது?"

"இப்ப இது ரொம்ப முக்கியமா மேடம்?"

"சொல்லு."

"உள்ள ஒரு மிதவை இருக்கும். தண்ணி ஏற ஏற அதுவும் மேல ஏறி, வழியை அடைச்சுடும்."

"ஒரே அடியா அடைக்குமா?"

"அதெப்படி? மெல்ல மெல்லத்தான். கடைசில சொட்டுச் சொட்டா வந்து..." நான் வாயைத் திறந்தபடி நிறுத்தினேன்.

"அந்தச் சிவப்புச் சக்கரம் மெல்ல மெல்ல நின்னுதா?"

இல்லை. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது வெட்டினாற்போல் நின்றது. அப்படி நிற்க ஒரே வழிதான். டேங்க்குக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி, ஒரு சின்னத் திருகு வால்வு இருக்கும். அதைக் கையால் மூட வேண்டும்.

"யாரோ கையால மூடியிருக்காங்க" என்றேன்.

"நாத்தனார் நம்ம பின்னாடி கதவுகிட்ட நின்னாங்க. அப்ப மூடினது மேல இருக்கறவங்க. கிச்சன் குழாய் நின்னதும் வீடே அமைதியாயிடுச்சு. டேங்க் ரொம்பற சத்தம் தனியாக் கேட்டிருக்கும். நாம மீட்டரைத்தான் பாக்கறோம்னு புரிஞ்சதும் மூடிட்டாங்க. இப்ப சொல்லு, நாப்பது நாளா பூட்டி வெச்ச பொம்பளை, வீட்டுக்குள்ள வெளியாள் குரல் கேட்டா என்ன பண்ணுவா?"

"கத்துவா. கதவை இடிப்பா. எல்லாக் குழாயையும் தொறந்து விடுவா."

"இவங்க இருக்கற ஒரு சத்தத்தையும் நிறுத்தினாங்க. அவங்களை யாரும் பூட்டி வெக்கல, வாஷர். அவங்க ஒளிஞ்சிருக்காங்க. நாத்தனார் காவல் இருக்காங்க. யாருக்குப் பயந்துன்னு நெனைக்கறே?"

மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய சென்ட்.

"நல்லவேளை, அந்த ஆளுக்கு நாம ஒண்ணும் சொல்லல" என்றார் மேடம். அந்த 'நாம' என்னைச் சுட்டது.

தண்ணீர் என் பாதத்தைத் தொட்டது. போன் நனைந்துவிடப் போகிறதே என்று பையிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே, காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன். 'டிங்' என்றது.

"என்ன சத்தம்?"

திரையில் 'ஆமா'வுக்குப் பக்கத்தில் இரண்டு டிக். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாயின.

"மேடம்... நீங்க இருன்னு சொன்னப்பவே நான் அனுப்பிட்டேன். அப்ப போகல. இப்ப போயிடுச்சு."

மேடம் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார், அவ்வளவுதான். என் கையிலிருந்து ரெஞ்சைப் பிடுங்கி, மேல் மாடிக்குப் போகும் குழாயில் ஓங்கி ஓங்கி அடிக்க ஆரம்பித்தார். வீடு முழுக்க மணி அடிப்பது போல அந்தச் சத்தம் ஏறிப் போனது.

தண்ணீர் முழங்காலுக்கு நான்கு விரல் கீழே. பல்பு அணைந்தது.

ஒரே இருட்டு. செத்தோம் என்று நான் மோட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டுத்தான் கூப்பிட்டேன். தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்ததும் தண்ணீர் வெளிப்பக்கம் பாய, வெளிச்சத்தில் ஒரு பெண் நின்றார். வெயில் படாமல் வெளுத்த முகம், வாராத நரைத்த முடி, வெறும் கால்.

"பயப்படாதீங்க. மெயின் ஸ்விட்சை நான்தான் நிறுத்தினேன். கரண்ட் போன பிறகு தொறந்தாதான் எல்லாருக்கும் நல்லது" என்றார்.

"அண்ணி! வராதீங்கன்னு சொன்னேன் இல்ல?" என்று நாத்தனார் பின்னாலேயே ஓடிவந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"தண்ணி கொட்டற சத்தம் மேல வரைக்கும் கேக்குது கண்ணு. நான் ஒளிஞ்சிருக்கறதுக்கு ரெண்டு உசுரு போகணுமா?"

மேடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார், நான் அனுப்பிய வார்த்தை உட்பட. நாத்தனார் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"படுபாவிங்களா! இவங்களுக்குப் புத்தி சரியில்லன்னு ஏற்கெனவே ஒரு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டான். இன்னொரு டாக்டர் கையெழுத்துப் போட்டா போதும். கொண்டு போய் வெளிய பூட்டற வார்டுல போட்டுட்டு வீட்டை வித்துடுவான். போலீஸுக்குப் போனேன். கூடப் பொறந்தவருக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு என்னன்னு கேட்டு அனுப்பிட்டாங்க. நாப்பது நாளா பொத்திப் பொத்தி வெச்சேன், ஒரே வார்த்தைல காட்டிக் குடுத்துட்டானே இவன்!"

எனக்கு அங்கேயே மறுபடியும் தண்ணீரில் இறங்கி நிற்கலாம் போலிருந்தது.

"பின்னாடி வழி இருக்கா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல. வாசல் ஒண்ணுதான்."

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுகள் இரண்டு திறந்து மூடின.

நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்து மாடிப் பக்கம் இழுத்தார். அக்கா நகரவில்லை. இழுத்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, வெறும் காலோடு வாசலை நோக்கி நடந்தார். நாங்கள் மூவரும் பின்னால் ஓடினோம்.

தம்பிக்காரர் கேட்டுக்கு வெளியே நின்றார். பக்கத்தில் கையில் ஃபைலோடு ஒரு டாக்டர். எதிர்வீட்டு அம்மா ரப்பர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், அக்காவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா! என்ன கோலம் இது?" தம்பிக்காரரின் கண்ணில் மறுபடியும் அதே தண்ணீர். "பாருங்க டாக்டர். யாரோ துரத்தறாங்க, யாரோ பிடிக்க வராங்கன்னு நாப்பது நாளா ஒரு ரூமுக்குள்ள ஒளிஞ்சிருக்கா. தலை வாரல, செருப்பு இல்ல. இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?"

எமகாதகன்! அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அக்கா ஒளிந்ததே அக்காவுக்கு எதிரான சாட்சி. மேடம் வாயைத் திறக்கப் போனார். அக்கா கையை உயர்த்தித் தடுத்தார்.

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றியபடி கேட்டார். "உங்களை யாரோ பிடிக்க வர்றதா நெனைக்கறீங்களாம்மா?"

"நெனைக்கல டாக்டர். கண்டுபிடிச்சேன்."

"எப்படி?"

"மேல இருக்கற ரூமுல எனக்கு டிவி கிடையாது, ரேடியோ கிடையாது. தண்ணிச் சத்தம் ஒண்ணுதான். பாத்ரூம் டேங்க் ரொம்ப ரெண்டு நிமிஷம் ஆகும். நேத்து சாயங்காலம் அஞ்சே காலுக்கு, அது எட்டு நிமிஷம் ஆச்சு. தெருவுக்கே தண்ணி குறைஞ்சிருக்குமோன்னு ஜன்னல் இடுக்குல பாத்தேன். இதோ நிக்கறாங்களே எதிர்வீட்டு அம்மா, அப்ப செடிக்கு விட்டுட்டிருந்தாங்க. தண்ணி மதில் வரைக்கும் பீச்சி அடிச்சுது. அவங்களுக்கு வருது, எங்களுக்கு வரல. குழாய்க்குள்ள அடைப்புன்னா நாள் கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும். இது ஒரே நாள்ல கால்வாசி ஆயிடுச்சு. அப்ப வாசல் வால்வை யாரோ கையால மூடியிருக்கணும். மூடினவன், அடுத்த நாள் ரிப்பேர் பண்றேன்னு வந்து நிப்பான்னு என் நாத்தனார்கிட்ட ராத்திரியே சொன்னேன். வந்து நின்னாங்க. வெளிய நிறுத்தினா திரும்பத் திரும்ப வருவாங்க, உள்ள விட்டு யாருன்னு கேளுன்னு சொன்னதும் நான்தான்."

சொன்ன நேரத்துக்கு வந்ததால் மாட்டிக்கொண்டேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? நான் காலையில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே இந்த அம்மாள் என்னைப் பிடித்துவிட்டார், முகத்தைக்கூடப் பார்க்காமல்.

"எல்லாம் சரியா செஞ்சேன் டாக்டர், ஒண்ணே ஒண்ணைத் தவிர. கீழ கிச்சன் குழாய் ஓடினா மட்டும் ஃப்ளஷ் அழுத்தணும்னு நாப்பது நாள் பழக்கம். இன்னைக்கும் குழாய் சத்தம் கேட்டதும் கை தானா போயிடுச்சு. அழுத்தின பிறகுதான் ஐயோன்னு இருந்துது" என்றார் அக்கா.

"கேட்டீங்களா? வால்வு, டேங்க், மீட்டர்னு பினாத்தறா" என்று தம்பிக்காரர் சிரித்தார். "எந்த வால்வை யார் மூடினாங்க? எல்லாம் இவ மனசுல..."

"நான்தான் மூடினேன் டாக்டர்." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நேத்து சாயங்காலம் அஞ்சே காலுக்கு. முக்கால்வாசி. இதோ நிக்கறாரே, இந்த சார் எங்களை அனுப்பினதாலதான். அக்கா உள்ள இருந்தா ஒரு வார்த்தை அனுப்பச் சொன்னார். பாருங்க, அனுப்பியிருக்கேன்."

போனை டாக்டரிடம் நீட்டினேன். வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். ஆபீஸ் வாசலில் மாட்டிய பலகையை இறக்க வேண்டியதுதான் என்று மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். மேடம் தலையை ஆட்டினார்.

"அவன் சொல்றது நிஜம். முந்தாநாள் இவர் எங்க ஆபீசுக்கு வந்தார். எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் சொல்றேன்" என்றார்.

டாக்டர் போனைப் படித்தார். தம்பிக்காரரைப் பார்த்தார். அக்காவின் வெறும் காலைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"துரத்தாத ஆள் துரத்தறதா நெனச்சா அது வியாதி. இவங்களை நீங்க நிஜமாவே துரத்தியிருக்கீங்க. நான் கையெழுத்துப் போட முடியாது. முதல் காகிதத்துல கையெழுத்துப் போட்டவர் யாருன்னு எனக்குத் தெரியணும். அவர்கிட்ட நான் பேசறேன்."

"டாக்டர், கார்ல உக்காந்து பேசலாம்."

"வேணாம். நான் பஸ்ல போயிக்கறேன்."

தம்பிக்காரர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் இருந்த தண்ணீர் எங்கே போனதோ. "அக்கா, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்..."

"வீட்டை நான் விக்கறதா இல்ல. போ."

கார் கிளம்பி, முனையில் திரும்பி மறைந்தது. நாத்தனார் அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதுவும் நடக்காதது போல என்னிடம் சீறினார். "வாயைப் பாத்துட்டு நிக்காத. பின்னாடி என் ரூம் குளமாகுது. வால்வை முழுசா மூடிட்டு அந்தக் குழாயை மாத்து. ஒரு காசு தர மாட்டேன்."

"இதோம்மா" என்று ஓடினேன். வால்வை இறுக்கி மூடிவிட்டு நிமிர்ந்தபோது அக்கா தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி, உள்ள வாங்க. வெயில் கொளுத்துது, கால்ல செருப்புகூட இல்ல."

"நீ போம்மா. நான் கொஞ்ச நேரம் இங்கயே நிக்கறேன்."

நாத்தனார் போகவில்லை. தன் செருப்பைக் கழற்றி அண்ணியின் காலடியில் வைத்துவிட்டு, கேட்டருகே வெறும் காலோடு நின்றுகொண்டார். அக்கா அதை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். அங்கே கொஞ்ச நேரம் நின்று, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் இந்த முனைக்கு வந்தார், மறுபடியும் அந்த முனைக்குப் போனார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.